சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?

நம்ம பக்கத்து ஊர்ப் பேர்களைக் கவனிச்சிருக்கீங்களா? சேதுபாவாசத்திரம், அம்மாசத்திரம், கொஞ்சம் தள்ளிப் போனா ஒட்டன்சத்திரம். பஸ் போர்டுல எத்தனையோ தடவை படிச்சிருப்போம். ஆனா அந்தப் பேர்ல இருக்கிற சத்திரம் என்ன ஆச்சு, அது எப்படி நடந்துச்சுன்னு யோசிச்சிருக்க மாட்டோம்.

வழிப்போக்கர்கள் காசு கொடுக்காமல் சாப்பிட்டு, தங்கிப் போகிற இடம்தான் சத்திரம். காசியில் இருந்தும் மற்ற வட ஊர்களில் இருந்தும் ராமேஸ்வரத்துக்கு நடந்தே வந்தவர்களுக்காக, தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல்னு அந்த வரிசை கடற்கரை வரை போகும். பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயரைத்தான் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இருப்பது முக்தாம்பாள் சத்திரம். தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக, இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் அமைத்தது.

இடத்தைப் பாருங்க. தஞ்சாவூரில் இருந்து பட்டுக்கோட்டை சுமார் 48 கிலோமீட்டர். ஒரத்தநாடு ஏறக்குறைய நடுவில். காலையில் கிளம்பினால் சாயங்காலம் சோறு கிடைக்கும். ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம், அவ்வளவுதான் கணக்கு.

ராத்திரி மணி

1799-ல் ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரபோஜி கையில் மிஞ்சியது ஏறக்குறைய கோட்டை மட்டும்தான். சத்திரங்களை மட்டுமாவது தன்னிடம் விட்டுவிடச் சொல்லி, 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை, எந்த வகைப் பரதேசியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்றால் அரிசியும் மளிகையும் கிடைக்கும். நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். காய்ச்சலோ பாம்புக்கடியோ, பார்க்க வைத்தியர் இருந்தார். அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணி, படிப்பு, கடைசியில் கல்யாணச் செலவு வரை. வழியில் பிரசவமானால் தாய் மூன்று மாதம் தங்கலாம். யாருமில்லாமல் இறந்தால் அவரவர் சாதி வழக்கப்படி ஈமச்சடங்கும் உண்டு.

இதை அப்படியே சமத்துவம்னு சொல்லிட முடியாது. சாவிலும் சாதி இருந்தது. ஆனா பசிக்கு முன்னால யாரையும் வாசலில் நிறுத்தி விசாரணை பண்ணலை.

அதே நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாருங்க. யார்க்‌ஷயரில் டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி, தன் சால்டேர் ஊரில் 1868-ல் 45 தர்ம வீடுகள் கட்டினார். தோட்டத்தைச் சுற்றி அழகான கல் வீடுகள். கூடவே சிறு உதவித்தொகை. ஆனா உள்ளே வரணும்னா உழைக்க முடியாதவராக இருக்கணும், நல்ல ஒழுக்கம் உள்ளவர்னு பேரும் வாங்கியிருக்கணும். அங்கே தேர்ந்தெடுத்த சிலருக்கு ஆயுளுக்கும் வீடு. இங்கே வருகிற எல்லாருக்கும் சில நாள் சோறு. ரெண்டுமே தர்மம்தான், ஆனா டிசைன் வேற.

கட்டிடம்

ஒரத்தநாடு சத்திரத்தில் யானையும் குதிரையும் இழுத்துப்போகும் தேர் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. மாடியில் வேலைப்பாடுள்ள மரத்தூண்கள். அந்தக் காலத்துக் கட்டிடம் என்றால் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மர உத்தரம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் மெதுவாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தளத்தில் ஒரு விரிசலை ரெண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் உத்தரத்துக்கு இறங்கும். உத்தரம் இற்றுப்போனால் தளமும் சேர்ந்து விழும். இதெல்லாம் சிவில் பசங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

ஆனா சத்திரத்தை நிற்க வைத்தது சுண்ணாம்பு மட்டும் இல்ல, நெல். ஒவ்வொரு சத்திரத்துக்கும் நிலம் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நிலத்து வருமானம்தான் சோறு, வைத்தியர் சம்பளம், ரிப்பேர் எல்லாம். இன்னைக்கு பராமரிப்புச் செலவுன்னு எஸ்டிமேட்டில் கடைசி வரியாகப் போடுகிறோமே, அதை அவர்கள் முதல் வரியாகவே போட்டுவிட்டார்கள்.

எங்கே அறுந்தது?

1855-ல் கடைசி மன்னர் இறந்ததும் அரசு முடிந்தது. சத்திரங்கள் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கும், பிறகு உள்ளாட்சி வாரியங்களுக்கும் போயின. 1861-ல் நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்துக்கு நடக்க வேண்டிய தேவையே போய்விட்டது.

வருமானம் வேறு வேலைக்குத் திரும்பியது. எல்லாமே வீண் இல்ல. திருவையாறு அரசர் கல்லூரி சத்திரப் பணத்தில் வளர்ந்ததுதான். முதலில் அங்கே சமஸ்கிருதம் மட்டும்தான். மாவட்ட வாரியத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் முயற்சியால் தமிழும் வந்தது.

கட்டிடங்களுக்குத்தான் கதி இல்லாமல் போச்சு. முக்தாம்பாள் சத்திரம் பள்ளி, மாணவர் விடுதி என்று பயன்பட்டது. அப்புறம் பராமரிப்பு இல்லாமல் சிதிலமானது.

பழைய கட்டிடம்னாலே "நிதி ஒதுக்கணும்"னு கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனா ஒரு தடவை பெயிண்ட் அடிக்கிற நிதி பத்து வருஷத்தில் கரைஞ்சிடும். சத்திரச் சொத்துகளைக் கவனிக்க தஞ்சையில் சத்திரம் நிர்வாகம் என்று தனிப் பிரிவே இருக்கு. அந்த வருமானத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் கட்டிடத்துக்குத் திரும்பணும். உள்ளே நூலகமோ, வெளியூர் மாணவர் தங்கும் இடமோ ஏதாவது ஒன்று நடக்கணும். ஆள் புழங்குகிற இடத்தில்தான் ஒழுகுவது உடனே கண்ணில் படும்.

அடுத்த முறை பட்டுக்கோட்டை பஸ்ல போறவங்க ஒரத்தநாட்டுல இறங்கிப் பாருங்க. சிவில், ஆர்க்கிடெக்சர் நண்பர்கள் டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க. ஒரு சரியான அளவு வரைபடம் இருந்தாலே, விழுந்த பகுதியைத் திரும்பக் கட்ட வழி இருக்கு.