படுக்கையறைச் சுவரில் குடும்பப் படங்கள்: அசலை மாட்டலாமா, நகலை மாட்டலாமா?

பள்ளி விடுமுறைக்குப் பீடோரில் இருக்கும் உங்கள் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டாச்சு, வெட்டி வைத்த கொய்யாவும் தீர்ந்தாச்சு. பாட்டி அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்குகிறார். உள்ளே எல்லாம் தோட்டத்துப் படங்கள். லயத்து வீட்டு வாசலில் நிற்கும் தாத்தா, கோயில் திருவிழா, யாரோ ஒருவரின் கல்யாணம்.

அதில் ஒன்றைப் பார்த்ததுமே உங்களுக்குத் தோன்றுகிறது: "இதை என் ரூம் சுவரில் மாட்டினால் செமையா இருக்கும்!"

தாராளமாக மாட்டலாம். ஆனால் டின்னில் இருக்கும் அந்தப் படத்தையே எடுத்து மாட்டாதீர்கள். அதன் நகலை மாட்டுங்கள். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

சுவரில் படம் மாட்டுவது புதுப் பழக்கமா?

இல்லவே இல்லை. குட்டி விளக்குச் சரம், மர கிளிப், இன்ஸ்டாக்ஸ் படம் எல்லாம் புதுசு, அவ்வளவுதான். தோட்டத்து வீடுகளின் பலகைச் சுவரில் சாமிப் படம், நாள்காட்டி, கல்யாணப் படம், பத்திரிகையில் வெட்டிய சினிமா நடிகர் படம் எல்லாம் வரிசையாகத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சுவர் முன் அறையில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. உங்கள் சுவர் படுக்கையறையில், உங்களுக்காக மட்டும் இருக்கிறது. அன்று அப்படித் தனி அறை கிடைத்த பிள்ளைகள் மிகக் குறைவு.

அந்தக் காலப் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

தோட்டத் தொழிலாளியின் வீட்டில் கேமரா இருப்பது அபூர்வம். கல்யாணமோ தீபாவளியோ வந்தால் டவுனில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போவார்கள். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் அசையாமல் நிற்பார்கள். ஒன்றோ இரண்டோ படம் கிடைக்கும்.

பலருக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டில் 12 வயதைத் தாண்டிய அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டத்து ஆட்கள் பலர் வாழ்நாளில் முதன்முதலாக கேமரா முன் நின்றது அந்த ஐ.சி. படத்துக்காக இருந்திருக்கலாம்.

அதற்கும் முன்னால், ஜப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் அங்கேயே இறந்துபோனார்கள். ஒரு படம்கூட இல்லாமல், பெயராக மட்டும் குடும்பப் பேச்சில் மிஞ்சியவர்கள் அவர்களில் உண்டு.

படத்தின் பின்னணியையும் கவனியுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். ஆனாலும் காலப்போக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. தாத்தாவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் அந்த லயமோ கோயிலோ பள்ளியோ வேறு எந்தப் படத்திலும் இல்லாமல் இருக்கலாம். டின்னில் இருக்கும் அந்தப் படம் போனால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

சுவரில் மாட்டினால் படத்துக்கு என்ன ஆகும்?

மூன்று எதிரிகள்: வெளிச்சம், ஈரம், பசை.

வெளிச்சம்: பழைய கலர்ப் படத்தில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள் இருக்கும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்காது. 1970களில் எடுத்த கல்யாணப் படங்கள் பல இன்று சிவந்துபோய்த் தெரிவதற்குக் காரணம், சயான் சாயம் முதலில் மங்கியதுதான். அது டின்னுக்குள் இருட்டில் இருந்தாலும் நடக்கும். வெயில் பட்டால் மங்குவது இன்னும் வேகமாகும். வெள்ளித் துகளால் உருவாகும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை.

ஈரம்: கலரோ, கறுப்பு வெள்ளையோ, பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படுவது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு பிசுபிசுப்பாகும். பூஞ்சைக்கு அது நல்ல தீனி. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து அதிகம். நம் நாட்டில் பெரும்பாலான நாட்களில் காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கிறது.

பசை: செலபன் டேப், இரட்டைப் பக்க டேப், ஒட்டும் தாள் கொண்ட பழைய ஆல்பம் எல்லாமே சில ஆண்டுகளில் மஞ்சள் கறை விடும். உரிக்கும்போது படமும் கிழியும். லேமினேட் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது.

இன்ஸ்டாக்ஸ் படத்துக்கும் இதே கதைதானா?

ஆமாம், இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. 1998இல் அறிமுகமான இன்ஸ்டாக்ஸ் ஆகட்டும், அதற்கு முந்திய போலராய்ட் ஆகட்டும், வழக்கமான உடனடிப் படத்துக்குத் தனி நெகட்டிவ் கிடையாது. கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஐந்தாம் படிவத்துக் கடைசி நாளில் தோழிகளோடு எடுத்த அந்தக் குட்டிப் படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்தால், நாளாக ஆக முகங்கள் வெளுக்க ஆரம்பிக்கும். ஆகவே முதலில் நகல், பிறகு சுவர்.

போனில் டிஜிட்டலாக எடுத்த படம் என்றால் இந்தக் கவலை இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படத்தின் அளவு குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கடையில் 4ஆர் அளவில் தெளிவாக அச்சடிக்க 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் போதும்.

நல்ல நகல் எடுப்பது எப்படி?

ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐயில் வையுங்கள். இல்லையென்றால் போன் போதும்.

படத்தை மேசையில் வைத்து, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் எடுங்கள். ஃபிளாஷ், ஃபில்டர், பியூட்டி மோட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போன் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் இருக்கட்டும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ, தேதியோ, யாரோ கிறுக்கிய ஒரு பெயரோ அங்கே இருக்கலாம்.

பழைய படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். உங்கள் பிம்பம் விழாமல் இருக்க, ஒரு கறுப்புத் துணியை உங்களுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, அதில் சின்ன ஓட்டை வழியாக எடுக்கலாம்.

இன்னொன்று. மங்கிய முகத்தை "தெளிவாக்கும்" ஏஐ செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவை இல்லாத விவரத்தைக் கற்பனையில்தான் நிரப்புகின்றன. மூக்கும் கண்ணும் கொஞ்சம் மாறி, தாத்தா வேறு யாரோ ஆகிவிடலாம். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் கை வைக்காத நகல் ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

நகல்களைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். போன், ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு வீட்டில் இருக்கும் சித்தியின் கணினி என்று மூன்று இடத்தில் இருந்தால் நிம்மதி.

சரி, எங்கே, எப்படி மாட்டுவது?

• ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், ஏர்கோனுக்கு நேர்க் கீழே — இந்த இடங்களைத் தவிருங்கள்.

• முதலில் தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். பிடித்த அடுக்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு சுவருக்குப் போங்கள். அடுக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செண்டிமீட்டரில் இருந்தால் நின்று பார்க்க வசதி.

• வாடகை வீடா? ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நகல்களுக்கு வாஷி டேப் போதும். ஜப்பானியக் காகித டேப்பான அது சுவர்ச் சாயத்தைச் சுலபத்தில் உரிக்காது. ஆனாலும் ஓர் ஓரத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

• விளக்குச் சரம் மாட்டினால் சிரிம் ஸ்டிக்கர் உள்ளதாக வாங்குங்கள். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். சுற்றிலும் காகிதம் இருப்பதை மறக்க வேண்டாம்.

• இறந்தவர்களின் படத்தைப் படுக்கையறையில் வைப்பதையோ, உயிரோடு இருப்பவர்களின் படத்துக்குப் பக்கத்தில் வைப்பதையோ சில குடும்பங்கள் விரும்புவதில்லை. மாட்டும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றும் இடம் என்றால் அங்கேயும் நகல் இருப்பதே நல்லது. ஊதுவத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படத்துக்கு ஆகாது.

• வீடியோ காலிலும் டிக்டாக்கிலும் உங்கள் சுவர் பின்னால் தெரியும். பழைய ஐ.சி. எண், பள்ளிச் சின்னம், கார் எண், சின்னப் பிள்ளைகளின் முகம் இதெல்லாம் கேமரா பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் படத்தை எங்கே வைப்பது?

மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் லேசாக எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்கவில்லை என்றால், தனித் துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். ஒவ்வொரு படத்தையும் பாலிப்ராப்பிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், அது காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். வீட்டில் வெக்கை குறைந்த, உலர்ந்த அறையில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் கூட வைத்தால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

சுவரை நாளைக்குக்கூட அலங்கரிக்கலாம். இன்றே செய்ய வேண்டிய வேலை வேறு. டின்னைத் திறந்து வைத்து, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பாட்டியிடம் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். "இது யாரு பாட்டி? எந்தத் தோட்டம்? இந்தக் கைக்குழந்தை யாரு?" சில படங்களைப் பார்த்து அவர் சிரிப்பார், சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அவசரப்படுத்தாதீர்கள்.

மங்கிய படத்தை ஓரளவு சரிசெய்துவிடலாம். ஆனால் அதில் நிற்பவரின் பெயர் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால், அந்தப் பெயரை எந்தச் செயலியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பென்சிலை எடுத்துக்கொண்டு போங்கள்.