பழைய விளையாட்டு யந்திரங்களும் புதிய செயலியும்

ஹுக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்துள்ள ஹவுரா நகரம் வார்ப்படச் சாலைகளுக்கும் கடைசல் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. இந்தியாவின் ஷெஃபீல்டு என அதனை அழைப்பதும் உண்டு. தேய்ந்துபோன ஓர் உறுப்பைப் பட்டறையில் கொடுத்தால், அதன் அளவுகளை எடுத்து அதே போன்ற புதிய உறுப்பைக் கடைந்து தருவர். யந்திரத்தை முதலில் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டாலும் யந்திரம் நிற்பதில்லை. இரும்பு யந்திரங்களுக்கு இவ்வழி உண்டு. ஆனால் சிலிக்கன் சில்லுகளால் ஆன யந்திரம் பழுதானால், அச்சில்லை எந்தப் பட்டறையிலும் கடைந்து பெற இயலாது. இத்தகைய யந்திரங்களை அழியாமல் காக்கக் கண்டறியப்பட்ட வழியே எமுலேட்டர். ஒரு கணிப்பொறியை முற்றிலும் வேறான மற்றொரு யந்திரத்தைப் போல நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள் அது.

காசு போட்டு ஆடும் ஆர்கேடு விளையாட்டு யந்திரங்கள் 1970-களிலும் 1980-களிலும் உலகெங்கும் பரவின. அவற்றை உயிர்ப்பிக்கும் எமுலேட்டர்களுள் முதன்மையானது 'மேம்' என்பதாகும். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா இதனை 1997-இல் வெளியிட்டார். 2015-இல் பழைய வீட்டுக் கணிப்பொறிகளுக்கான எமுலேட்டரும் இதனுடன் இணைக்கப்பட்டது. ஆகவே இது விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 'பிபிசி மைக்ரோ' கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அவற்றின் இதயமாக விளங்கியது 6502 என்னும் செயலி. 1979-இல் வெளிவந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' விளையாட்டு யந்திரத்திலும் அதே செயலியே இருந்தது. ஒன்றை உயிர்ப்பிக்கும் முறை மற்றொன்றுக்கும் பொருந்தும்.

இப்பணிக்கு எத்தகைய செயலியைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி. 2024 மார்ச்சு முதல் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை நதிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. எஸ்பிளனேடில் வண்டி மாறினால் அடுத்த நிலையம் சாந்தினி சௌக். கணிப்பொறி உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற கொல்கத்தாவின் கடைத்தெரு. செயலியின் உறையில் அச்சிடப்பட்ட பெரிய எண்களை மட்டும் பார்த்து அங்கே வாங்குபவர் வேண்டாத பொருளுக்கு இருமடங்கு செலவிட நேரலாம். பள்ளியின் சிறு நிதியைக் கையாளும் ஆசிரியருக்கு இது சிறிய விஷயம் அன்று.

துடிப்புக்குத் துடிப்பு

செயலி என்பது கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குவது. 1980-இல் ஜப்பானில் தோன்றிய 'பேக்மேன்' யந்திரத்தில் இசட்-80 என்னும் செயலி இருந்தது. அது விநாடிக்கு 30,72,000 துடிப்புகளுடன் இயங்கியது. இன்றைய மேசைக் கணிப்பொறியின் செயலி விநாடிக்கு 400 கோடி துடிப்புகளை எட்டக்கூடியது. எனவே பழைய செயலியின் ஒவ்வொரு துடிப்புக்கும் புதிய செயலிக்கு ஏறத்தாழ 1,300 துடிப்புகள் கிடைக்கின்றன. பழைய கட்டளையைப் படித்து, அதன் பொருளை உணர்ந்து, படத்தையும் ஒலியையும் கணக்கிட இந்த அவகாசம் தாராளமாகப் போதும். 2006-இல் வெளிவந்த 240 கோடி துடிப்புள்ள கோர்-2 டுயோ செயலியிலும் 780 துடிப்புகள் கிடைக்கும். ஆதலால் பள்ளியின் மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறியே பேக்மேனுக்குப் போதுமானது.

உட்கருக்கள் பல இருந்தும் பயன் குறைவே

இன்றைய செயலிகளில் நான்கு, எட்டு, பதினாறு என உட்கருக்கள் பல இருக்கின்றன. எண்ணிக்கை கூடினால் விளையாட்டும் விரைவாக ஓடும் எனப் பலர் கருதுவர். 1981-இல் வந்த 'கலாகா' யந்திரத்தில் மூன்று இசட்-80 செயலிகள் இருந்தன. அவற்றை மூன்று உட்கருக்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம் எனத் தோன்றும். ஆனால் அம்மூன்றும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று எழுதியதை மற்றொன்று உடனே படிக்கும்.

நாதசுரக்காரரையும் தவில்காரரையும் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒவ்வொரு தட்டுக்கும் ஆள் அனுப்பித் தாளத்தைச் சரிபார்க்கச் சொன்னால், வாசிப்பதைவிட ஆள் வந்து போவதற்கே அதிக நேரம் கழியும். உட்கருக்களின் நிலையும் அத்தகையதே. ஆகையால் எமுலேட்டர் ஒரே உட்கருவில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சிறு சிறு பொழுதுகள் நடத்துகிறது. இதனால் செயலியின் ஓர் உட்கரு எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதே முதலில் நோக்கத்தக்கது. 1996-இல் வந்த 'சான் பிரான்சிஸ்கோ ரஷ்' போன்ற முப்பரிமாண விளையாட்டுகளில் மட்டும், படம் வரையும் வேலையைப் பிற உட்கருக்கள் ஓரளவு பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கும் சுமையின் பெரும்பகுதி ஓர் உட்கருவையே சார்ந்தது.

விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையும் இங்குப் பெரிதும் உதவாது. பழைய யந்திரத்தின் படத்தைத் துல்லியமாகப் பெறும்பொருட்டு, 'மேம்' அதனைச் செயலியைக் கொண்டே கணக்கிடுகிறது.

வயதும் வேகமும் தரும் மயக்கங்கள்

பழைய யந்திரம் என்றால் சுமை குறைவு என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிப்பது 1972-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' விளையாட்டு. இரு மட்டைகளும் ஒரு பந்தும் மட்டுமே திரையில் தோன்றும். ஆயினும் அந்த யந்திரத்தில் செயலியும் இல்லை, பிரோகிராமும் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட எளிய சில்லுகளைக் கம்பிவழி இணைத்தே அது ஆக்கப்பட்டது. படிப்பதற்குக் கட்டளைகள் இல்லாமையால், மின்சுற்றின் ஒவ்வொரு கதவும் திறப்பதையும் மூடுவதையும் எமுலேட்டர் தொடர்ந்து கணக்கிட வேண்டியுள்ளது. எட்டு ஆண்டுகள் இளைய பேக்மேனைவிட இதற்கே அதிக உழைப்பு தேவைப்படுகிறது. 1976-இன் 'பிரேக்அவுட்' யந்திரமும் இவ்வகையினதே. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்-2' விநாடிக்கு ஒரு கோடி துடிப்புள்ள 68000 செயலியைக் கொண்டது. எனினும் பழைய கணிப்பொறியிலேயே தடையின்றி ஓடும்.

துடிப்பு எண்ணிக்கையும் தனித்து நம்பத்தக்கதன்று. பென்டியம்-4 செயலி 2004-இல் விநாடிக்கு 380 கோடி துடிப்புகளை எட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கோர்-2 டுயோ 240 கோடி துடிப்புகளிலேயே அதனை முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் சேர்ந்தே வேகமாகிறது. ஆகவே வெவ்வேறு தலைமுறைச் செயலிகளைத் துடிப்பு எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடலாகாது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஹவுராவின் அறை ஒன்றில் காற்றோட்டமற்ற பெட்டிக்குள் இருக்கும் செயலி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உறையில் குறித்த உச்ச வேகம் சில நிமிஷங்களுக்கே நீடிக்கும். மெல்லிய மடிக்கணினிகளில் இக்குறை மிகுதி. நல்ல விசிறிக்குச் செலவிடும் தொகை, சற்று உயர்ந்த செயலிக்குச் செலவிடும் தொகையைவிடப் பயன் தருவதாகலாம்.

அளந்து வாங்குதல்

வாங்கும் முன் அளந்து பார்ப்பதே சிறந்த முறை. விளையாட்டைக் கட்டுப்பாடின்றி முழு வேகத்தில் ஓடவிட்டு, அது மூல யந்திரத்தின் வேகத்தில் எத்தனை சதவீதம் எனச் சொல்லும் வசதி 'மேம்' மென்பொருளிலேயே உண்டு. நூறு என்றால் மூல யந்திரத்திற்கு ஈடு. ஆனால் சராசரி நூறு என்பது போதாது. திரையில் பல உருவங்கள் நிறையும் தருணத்தில் வேகம் நூற்றுக்குக் கீழே இறங்கினால் ஒலி விட்டுவிட்டு வரும், ஆட்டம் தடுமாறும். எனவே சராசரி இருநூறுக்கு மேல் இருப்பது நலம். கணிப்பொறி நன்கு சூடேறிய பின்னர் ஒருமுறை மீண்டும் அளப்பது அவசியம். நண்பரிடமோ பக்கத்துப் பள்ளியிலோ உள்ள கணிப்பொறியில் இச்சோதனையைச் செய்து பார்த்தால் வேண்டாத செலவு மிஞ்சும்.

பொதுவாகச் சொல்லின், 1980-களின் விளையாட்டுகளுக்கும் பிபிசி மைக்ரோவுக்கும் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய மேசைக் கணிப்பொறியே போதும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை-4 போன்ற சிறு அட்டையும் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பாங் போன்ற கம்பிச்சுற்று யந்திரங்களுக்கு அண்மைக் காலச் செயலி வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் வந்த முப்பரிமாண விளையாட்டுகளுக்கு மட்டுமே, ஓர் உட்கருவின் வேகத்தில் முன்னணியில் நிற்கும் விலைமிகுந்த செயலி தேவை.

விளையாட்டுகளின் பிரோகிராம்கள் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். எமுலேட்டர் இலவசம் என்பதால் விளையாட்டும் இலவசமாகிவிடாது. 1981-இன் 'ராபி ரோட்டோ', 1983-இன் 'கிரிட்லீ' முதலிய சிலவற்றை, வியாபார நோக்கமின்றிப் பயன்படுத்த உரிமையாளர்கள் அனுமதித்துள்ளனர். வகுப்பறைச் சோதனைக்கு இவையே தகுந்தவை.

செயலிகளின் விலை ஆண்டுதோறும் மாறும், வேகம் கூடும். இன்று வாங்க முடியாததை நாளை மலிவாக வாங்கலாம். ஆனால் பழைய சில்லில் மின்னேற்றமாகப் பதிந்துள்ள பிரோகிராம் காலப்போக்கில் கசிந்து மறையும். நெகிழ்தட்டின் காந்தப் பூச்சு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஹவுராவின் கைதேர்ந்த கடைசல்காரருக்கும் அளவெடுக்கத் தேய்ந்த உறுப்பாவது கையில் இருக்கவேண்டும். அது போன்றே, மூலப் பிரதி அழிந்துவிட்டால் எத்துணை வேகமான செயலியாலும் அந்த யந்திரத்தை மீட்க இயலாது. பள்ளி அலமாரிகளில் பழைய நெகிழ்தட்டுகள் இருப்பின், அவற்றைப் படியெடுத்து வைப்பதே ஆசிரியர்கள் முதலில் செய்யவேண்டிய பணி. செயலியைத் தேர்ந்தெடுப்பது அதன் பின்னர் நிகழலாம்.