சேவை நிறுவனமும் முதலாளிதான்

கிள்ளான் பள்ளத்தாக்கில் அறவாரியம், காப்பகம், அகதிகளுக்கான பள்ளி, உதவி நிறுவனம் என்று எங்கே வேலை போனாலும் ஊழியர்கள் ஒரே வரிசையில்தான் அலைகிறார்கள். முதலில் நிறுவனத் தலைவர். அடுத்து அவருக்குத் தெரிந்த கோயில் கமிட்டிக்காரர். பிறகு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், கடைசியில் முகநூல். உரிய இலாகாவின் படியேறும்போது மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் கெடு தீர்ந்திருக்கும்.

கெடு 60 நாள். 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்துபூர்வமாக முறையிட வேண்டும். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, உடம்பு சரியில்லை, தலைவர் வெளிநாடு போயிருந்தார் என்ற காரணங்கள் எடுபடாது.

தாமதத்துக்குப் பெரும்பாலும் கூச்சமே காரணம். ‘ஏழைகளுக்குச் சேவை செய்யும் இடம், அதன்மேல் எப்படிப் புகார் கொடுப்பது?’ என்ற எண்ணத்தை நிர்வாகங்களும் நன்றாக வளர்த்து வைத்திருக்கின்றன. உலகப் புகழ்பெற்ற அம்னெஸ்டி இன்டர்நேஷனலில் 2018ஆம் ஆண்டு இரண்டு ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, வெளியார் குழு ஒன்று விசாரித்து 2019 தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அங்கு வேலை செய்ததாலேயே உடலோ மனமோ பாதிக்கப்பட்டதாக 39 விழுக்காட்டு ஊழியர்கள் கூறியிருந்தார்கள். பிறர் முன்னிலையில் அவமானப்படுத்துதல், மிரட்டல், தாங்க முடியாத வேலைப்பளு எல்லாம் அதில் பதிவாயின. மனித உரிமைக்காகவே நடக்கும் நிறுவனத்தின் நிலை இது.

மலேசியச் சட்டத்தில் தர்ம நிறுவனங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம், சம்பளம் எவ்வளவானாலும் ஊழியர் அனைவருக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் ஓவர்டைம் உரிமை இல்லை. ‘நீங்கள் ஊழியர் இல்லை, தொண்டூழியர், தருவது சம்பளம் இல்லை, அலவன்ஸ்’ என்ற சாக்கும் இனி எளிதில் செல்லாது. வேலை நேரத்தை நிர்வாகமே முடிவு செய்து, வேலையையும் கண்காணித்து, முறையாகப் பணமும் கொடுத்து வந்தால் அவரை ஊழியராகவே கருத 101சி பிரிவு இடம் தருகிறது.

இரண்டு கதவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சம்பளப் பாக்கி, ஓவர்டைம், விடுமுறை ஆகியவை தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. மலாயில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. கிள்ளான்காரர்களுக்குக் கிள்ளானிலேயே அதன் அலுவலகம் உண்டு. வேலை நீக்கம் என்றால் தொழில்துறை உறவு இலாகா, ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹான். முதல் இலாகாவில் கொடுத்த சம்பளப் புகார் இரண்டாவது இலாகாவின் 60 நாளை நிறுத்தி வைக்காது. இதைச் சொல்லி அனுப்பும் பொறுமை கவுண்டரில் இருப்பவர்களுக்கும் எப்போதும் இருப்பதில்லை.

அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், நீக்கக் கடிதம், அந்தந்த நாளின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முறையீட்டில் நீக்கப்பட்ட தேதியைத் தெளிவாக எழுதி, மீண்டும் வேலையில் அமர்த்தும்படி கேட்க வேண்டும். கொடுத்ததற்குத் தேதி முத்திரையிட்ட நகலை வாங்காமல் வெளியே வரக் கூடாது. முதலில் சமரசக் கூட்டம் நடக்கும். அது முறிந்தால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பின்சம்பளமாக அதிகபட்சம் 24 மாதச் சம்பளம்வரை கிடைக்கலாம். தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களுக்கு 12 மாதம்.

‘நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம்’ என்று கனிவாகப் பேசுவார்கள். கையெழுத்துப் போட்டால், கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியரின் தலையில் விழும். போடாதீர்கள்.

பாலியல் தொல்லைக்கு வழி வேறு. நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். கிடப்பில் போட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். விசாரிக்கத் தவறிய முதலாளிக்கு 50,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கிய பாலியல் தொல்லைத் தடுப்பு நடுவர் மன்றம் 250,000 வெள்ளிவரை இழப்பீடு வழங்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கும் ஐ.நா. அகதிகள் ஆணையம் போன்ற அமைப்புகளின் ஊழியர்களுக்கு இந்த இலாகாக்கள் பயன்படா. ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு. அவர்கள் முதலில் உள்நிர்வாக மறுஆய்வு கோர வேண்டும். அதன் பிறகே ஐ.நா. தகராறு நடுவர் மன்றம். மறுஆய்வு கோருவதற்கான கெடு அங்கும் 60 நாள்தான்.

நீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே காலண்டரில் 60ஆவது நாளை வட்டமிடுங்கள். தலைவரோடு பேச்சு நடக்கட்டும்; மனுவை அந்த நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.