ஒரே அறை, நான்கு நாட்காட்டிகள்

புதுச்சேரியில் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை: ‘ஒருத்தனையே நம்பாதீங்க, நாலு தளத்துலயும் போடுங்க.’ ஒரு முதலாளியிடம் சிக்காமலிருக்க நான்கு முதலாளிகள் என்கிற கணக்கு இது. இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், நாலு பெயர் என்றால் நாலு முதலாளி என்று அர்த்தமில்லை. புக்கிங் டாட் காமும் அகோடாவும் ஒரே குழுமத்தின் உடைமைகள். மேக்மைட்ரிப்பும் கோஇபிபோவும் 2017 முதல் ஒரே கையில் இருக்கின்றன. வெளியே தெரியும் பன்மை உள்ளே மிகவும் சுருங்கியது.

அடுத்தது நாட்காட்டி. ஒரு தளத்தில் சனிக்கிழமைக்கு ஆள் பதிவு செய்துவிட்டால் மற்ற மூன்றிலும் அந்தத் தேதி மூடப்பட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ஐகால் இணைப்புக்குச் செலவில்லை; ஒரு தளம் மற்றதன் நாட்காட்டியை அவ்வப்போது போய்ப் படித்துவரும். அந்த ‘அவ்வப்போது’ சில மணி நேரமாகவும் இருக்கலாம். அது தேதியை மட்டும்தான் சுமக்கும், விலையைச் சுமக்காது. சேனல் மேனேஜர் என்கிற மென்பொருள் இரண்டையும் ஏறக்குறைய உடனுக்குடன் மாற்றும். அதற்குச் சந்தா கட்ட வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக் கடைசியில் கூட்டம் இறங்கும் ஊரில், ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வாசலில் வந்து நிற்க அந்தச் சில மணி நேரம் தாராளமாய்ப் போதும். தாமதம் இயந்திரத்துடையது, தண்டனை வீட்டுக்காரருக்கு: பதிவை ரத்து செய்தால் அபராதம், தேடலில் பின்னுக்குத் தள்ளப்படுதல்.

விலையில்தான் அதிகாரம் அப்பட்டமாகத் தெரிகிறது. வரியை ஒதுக்கிவிட்டு, கையில் 2,000 ரூபாய் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 சதம் தரகு எடுக்கும் தளத்தில் 2,353 என்று போட வேண்டும். 20 சதம் என்றால் 2,500. நேரே வந்து கதவைத் தட்டுபவரிடம் 2,000 வாங்கினால் போதும். ஆனால், ‘எங்களிடம் போட்டதைவிட வேறெங்கும் குறைத்து விற்காதே’ என்று ஒப்பந்தம் சொன்னால்? அதற்குப் பெயர் விலைச் சமநிலை ஷரத்து. சமநிலை என்கிற நல்ல சொல் இங்கே செய்யும் வேலையைக் கவனியுங்கள்: தரகரே இல்லாமல் வருகிறவரும் தரகரின் பங்கைக் கட்டுகிறார். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஇபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விடுதிகளுடனான ஒப்பந்தங்களிலிருந்து இத்தகைய கட்டுப்பாடுகளை நீக்கச் சொன்னது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. இந்த ஷரத்து இல்லாமல் தளம் இயங்காது என்கிற வாதத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2024 செப்டம்பரில் ஏற்கவில்லை.

மூன்றாவது, பெயர். விருந்தினர் எழுதிவிட்டுப் போகும் மதிப்புரை அந்தந்தத் தளத்திலேயே தங்கிவிடும். ஐந்து வருடம் பெருக்கித் துடைத்து, விரிப்பு துவைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை இன்னொரு தளத்துக்கு எடுத்துப்போக முடியாது. வீடு உங்களுடையது, வீட்டின் கீர்த்தி அவர்களுடையது.

வீட்டைப் பற்றிய விவரணையும் சும்மா எழுதப்படுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வாய்க்காலைக் கோடாக்கி வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரித்தார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் ‘ஒயிட் டவுன்’ இன்று தேடுசொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் முற்றமுமாக இருக்கும் தமிழ் வீடுகூட ‘ஒயிட் டவுனுக்குப் பக்கத்தில்’ என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழிப்போக்கர் காசில்லாமல் உட்கார்ந்து போகக் கட்டிய திண்ணை, புகைப்படத்தில் விலையைக் கூட்டும் பொருளாகிறது.

இதில் வீட்டுக்காரர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்று சொல்வதும் பொய். நாள் வாடகை மாத வாடகையை மிஞ்சும் இடத்தில் குடித்தனக்காரர்தான் முதலில் வெளியேறுகிறார். பார்சலோனா நகர நிர்வாகம் சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024 ஜூனில் அறிவித்ததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் பல தளங்களில் போடக் கூடாதா? போடலாம், யார் கட்டுப்பாட்டில் என்பதுதான் கேள்வி. மூல நாட்காட்டி உங்கள் கையில் இருக்கட்டும். தளங்களில் இருப்பவை அதன் நகல்களாகட்டும். மென்பொருள் வாங்க வசதியில்லையென்றால் இரண்டு தளங்களோடு நிறுத்துங்கள், கூட்ட நாட்களை ஒன்றில் மட்டும் திறந்து வையுங்கள். கையில் நிற்கும் தொகையிலிருந்து விலையைக் கணக்கிடுங்கள். கையெழுத்துப் போடுமுன் சமநிலை ஷரத்தைத் தேடிப் படியுங்கள். இவை தனி ஆள் செய்யக்கூடியவை. ஷரத்தை மாற்றுவது தனி ஆளால் ஆகாது. சொந்த வீட்டில் குடியிருந்தபடி இரண்டு அறை விடுகிறவரையும், தெருவில் வீடு வீடாக வாங்கிப் போடுகிற மூலதனத்தையும் ஒரே ‘ஹோஸ்ட்’ என்று அழைக்கும் மொழியை மறுப்பதிலிருந்து அந்தக் கூட்டு வேலையைத் தொடங்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்பாஸ்ட்’ திட்டம், உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது என்கிறது. அந்த வேறுபாட்டைத் தளங்களின் தரகிலும் ஊரின் உரிமத்திலும் கேட்டு வாங்க வேண்டும்.