தேங்காய்ப்பட்டணத்து முகத்துவாரம்

நாகர்கோவிலினின்று மேற்கே செல்வார் பலரும் முட்டத்துப் பாறைகளையும் குளச்சற் போர்த்தூணையும் கண்டு மீள்வர். தேங்காய்ப்பட்டணம் வரை செல்வார் சிலரே. சென்ற ஓணத்து விடுமுறையில் யாம் நால்வர் மார்த்தாண்டத்தினின்று புதுக்கடை வழியாக அங்குச் சென்று, மீன்பிடி துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்மீது ஒரு காலைப்பொழுது முழுதும் அமர்ந்திருந்தோம்.

ஈண்டுக் கடலொடு கலப்பது குழித்துறையாறு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்திற் கூடிப் பெருகிவரும் இதற்குத் தாமிரபரணி என்றும் பெயருண்டு. நெல்லைப் பொருநையென்று மயங்கற்க. ஆறு கொணரும் சத்தினாற் கடலில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலோ கடலடிக் குளிர்நீரும் மேலெழுந்து அவ்வுணவைப் பன்மடங்காக்குகின்றது. அதனை நாடிச் சாளையும் நெத்தோலியும் திரள, அவற்றை நாடி நெய்மீனும் ஆலாப் பறவைகளும் ஓங்கில்களும் வந்து சேர்கின்றன. நெய்தற் கருப்பொருள்களுள் கடற்காக்கையையும் சுறாவையும் வகுத்த நம் முன்னோர் இத்தகைய கரையில் நெடுநேரம் இருந்தவராதல் வேண்டும்.

ஓங்கிலை மீனென்றே எம்முள் ஒருவர் வாதித்தார். மீனின் வால் நெடுக்காய் நின்று பக்கங்களில் அசையும். ஓங்கிலின் வால் கிடையாய் அமைந்து மேலுங் கீழும் அசையும். மூச்சுவிடற்கு அது நீர்மேல் வந்தே தீரவேண்டும். அதனாலன்றோ கரையிலிருப்பார் கண்ணுக்குப் புலனாகின்றது!

பத்து மணியளவில் வள்ளங்கள் திரும்பின. ஒவ்வொன்றும் முகத்துவாரத்துக்கு வெளியே நின்று, அலைகளை எண்ணுவதுபோற் காத்திருந்து, பேரலையொன்று கடந்தவுடன் விரைந்து உட்புகுந்தது. அருகே தூண்டிலிட்டிருந்த முதியவரைக் காரணம் வினவினோம்.

"வாயில மண்ணு மூடிக் கெடக்கு, மக்களே. நேரம் தப்புனா வள்ளம் கவுந்துரும்" என்றார்.

ஆழ்நீரில் தாழ்ந்து நீண்டுவரும் அலை, அடித்தரை மேடிடும் இடத்தே வேகங் குறைந்து, நீளஞ் சுருங்கி, உயர்ந்தெழும். நீராழத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கினை உயரம் மிஞ்சியவுடன் உடைந்து புரளும். எனவே மணல்மேடு எங்கோ அங்கே அலை உடைகின்றது. மணலும் ஓயாது நகர்வது. சாய்வாய் மோதும் அலைகள் அதனைக் கரையோரமாய் ஓட்டுகின்றன. ஆறும் தன் பங்கைக் கொணர்கின்றது. குறுக்கே கற்சுவர் எழுப்பினால் ஒருபுறம் மணல் குவிதலும், மறுபுறம் கரை அரிபடலும், வாயில் தூர்தலும் நேரலாம். யாம் இனிது வீற்றிருந்த சுவரும் இவ்வினையில் பங்கற்றதன்று.

மேலைக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் இல்லை. ஆதலின் அலை மிகும் அக்காலத்தே சிறுகலத்தாரே இவ்வாயிலைக் கடக்கின்றனர். கலிலேயக் கடல் ஓர் ஏரியே. அதன் அலைக்கே சீடர் அஞ்சினர். இங்கோ வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர் பலர் மாண்டுள்ளனர். மணலைத் தோண்டுக, சுவரை நீட்டுக என அவர்கள் பன்முறை போராடியதும் உண்டு. 2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கிப் புயல் இவ்வட்டாரத்தாரை ஆழ்கடலில் விழுங்கியதை யாவரும் அறிவர். ஆயின் கடலெல்லாங் கடந்து, உற்றார் கண்காண வீட்டு வாயிலில் மாய்வது அதனினுங் கொடிதென்றே எமக்குத் தோன்றிற்று.

கடைசி வள்ளம் உட்புகுந்ததும் முதியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அவர் கூடையில் மீன் ஒன்றுமில்லை. அவ்வள்ளத்தில் அவர் மகன் இருந்தான்.