கடல் தாண்டுகிறவரின் வங்கிக் கணக்கு

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் வீட்டில் பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சான்று, டிக்கெட் எல்லாவற்றையும் நாலு பேர் நாலு தடவை சரிபார்ப்பார்கள். பேங்க் பாஸ்புக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அதான் அக்கவுண்ட் இருக்கே, அதுலயே அனுப்பிக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காரணம் ஒரு சட்டம். ஃபெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2000 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ ஒருவர் நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாள் முதலே இந்தச் சட்டத்தின் கணக்கில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர். வருமான வரிச் சட்டம்தான் 182 நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். ஃபெமா நாளை எண்ணுவதில்லை, போன நோக்கத்தைப் பார்க்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தகவல் சொல்லி, அதை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். ஃபெமாவை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்காக நாளைக்கே வீட்டுக்கு நோட்டீஸ் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து வீடு விற்கும்போதோ, பெரிய தொகையை வெளியே எடுத்துப்போகும்போதோ, ஆடிட்டர் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் உள்ள ஓர் இளைஞர் துபாய் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தலைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறார். கம்பத்தில் ஒரு கடை, மாத வாடகை வருகிறது. துபாயில் சம்பளம் வரப்போகிறது. ஆக இரண்டு வகைப் பணம். குத்தகையும் வாடகையும் இந்தியாவில் விளைந்தவை, சம்பளம் வெளியே விளைந்தது. வங்கிகள் வெளிநாட்டு இந்தியருக்கு இரண்டு ரூபாய்க் கணக்குகள் வைத்திருப்பதன் தத்துவமே இந்தப் பிரிவினைதான். உள்நாட்டு வரவுக்கு என்ஆர்ஓ. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ. இரண்டாவது 1970இல் வந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது, அதைக் கொண்டுவருகிறவருக்குச் சலுகை தரப்பட்டது. அந்தச் சலுகை இன்றும் தொடர்கிறது.

சலுகை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டிக்கு எஃப்டி போடுவதாகக் கொள்வோம். வருட வட்டி 35,000. அந்த டெபாசிட் என்ஆர்இயில் இருந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, முழுத்தொகையும் கைக்கு வரும். அதே டெபாசிட் என்ஆர்ஓவில் இருந்தால் 30 சதவீத டிடிஎஸ், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம் பிடிப்பார்கள். 10,920 ரூபாய் போய்விடும். இங்கே இருக்கிறவர்களுக்கு உள்ளதுபோல "இவ்வளவு வட்டி வரை பிடித்தம் இல்லை" என்ற வரம்பும் கிடையாது, வருமானம் குறைவு என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் தப்பவும் முடியாது. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். வசிக்கும் நாட்டிலிருந்து வரிக் குடியிருப்புச் சான்று வாங்கிக் கொடுத்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி பிடித்தம் குறையும். அமீரகத்துக்கு 12.5 சதவீதம், சிங்கப்பூருக்கு 15 சதவீதம். பெரும்பாலானோர் அந்தச் சான்றை வாங்குவதே இல்லை.

என்ஆர்இ எஃப்டியில் ஒரு நிபந்தனை உண்டு. ஓராண்டு முடிவதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. தங்கையின் கல்யாணத்துக்கு ஆறு மாதத்தில் வேண்டிய பணத்தை அதில் போடுவது வீண்.

இரண்டு கணக்குக்கும் நடுவில் இருப்பது ஒருபக்கமாகத் திறக்கும் மடை. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்குப் பணம் தாராளமாகப் போகும். அங்கிருந்து திரும்ப வரவேண்டுமானால் வரி கட்டியதற்கான ஆவணங்கள் கேட்பார்கள். நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. நம் திராட்சைப் பந்தல் இளைஞருக்கு அந்த வரம்பு எட்டாத உயரம், ஆனால் காகித வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். என்ஆர்இயில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் முழுசாக வெளிநாட்டுக்கு எடுத்துப்போகலாம். அதனால் சம்பளப் பணத்தை மறந்தும் என்ஆர்ஓவில் போடாதீர்கள். வாடகையை, வரி கட்டிய சான்று இல்லாமல் என்ஆர்இயில் நேராகப் போட வங்கி விடாது.

இவ்வளவு சொன்னதும் "அப்பா கணக்குக்கே அனுப்பிவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். வீட்டுச் செலவுக்கு என்றால் தாராளமாக அனுப்பலாம். சட்டத்தில் தடையில்லை, பெற்றோருக்குக் கொடுப்பதற்கு அன்பளிப்பு வரியும் இல்லை. சேமிப்புக்கு என்றால்தான் சிக்கல். அப்பா பெயரில் விழுந்த பணம் அப்பாவின் பணம், அதன் வட்டி அப்பாவின் வருமானம். சொத்தைப் பிரிக்கிற நாளில் "நான்தான் அனுப்பினேன்" என்பதைப் பஞ்சாயத்தில் சொல்லலாம், பத்திரத்தில் இருப்பது வேறு பெயராக இருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இது வெறும் குடும்பக் கதை அல்ல, நிலத்தின் கதையும்கூட. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. பாட்டன் சொத்தாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். இங்கே இருந்த காலத்தில் வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். கம்பத்தில் பணம் சேர்ந்தால் அடுத்த நினைப்பு தோப்பாகவோ திராட்சைப் பந்தலாகவோ மலைமேல் ஏலக்காய்த் தோட்டமாகவோதான் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த நினைப்பு குறைந்திருக்காது. வளைகுடாவிலிருந்து அனுப்பிய காசில் அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் கிரயம் செய்யப்படும். கிரயம் செல்லும், அப்பா இங்கே வசிப்பவர்தானே. ஆனால் அது அப்பாவின் சொத்து. அவருக்குப் பின் அவரவர் வாரிசுச் சட்டப்படி எல்லாருக்கும் பங்கு. பன்னிரண்டு வருடம் பாலைவனத்தில் உழைத்தவருக்கும் ஊரில் இருந்த தம்பிக்கும் அதில் வித்தியாசம் இல்லை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. கிரயத்துக்கு முந்தின நாள் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி, அவ்வளவுதான்.

என்ஆர்இ கணக்கில் நெருங்கிய உறவினரையும் சேர்க்கலாம். ஆனால் கணக்கின் முதல் உரிமையாளர் இருக்கும்வரை மற்றவர் தன் பெயரில் எடுக்க முடியாது, அவருக்குப் பிறகே உரிமை வரும். ஊரில் இருக்கிற மனைவியோ அப்பாவோ பணம் எடுக்க வேண்டுமென்றால் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பவரை வைத்து இங்கே செலவு செய்யலாம். ஆனால் அதை வைத்து அந்தக் கணக்கிலிருந்து வேறு யாருக்கும் அன்பளிப்புக் கொடுக்க முடியாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, எஃப்சிஎன்ஆர். டாலர், பவுண்டு போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை போடும் டெபாசிட். ரூபாய் விழுந்தாலும் அசலுக்குச் சேதமில்லை. 2011 நடுவில் டாலர் 45 ரூபாயை ஒட்டி இருந்தது, 2013 ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. அந்த இரண்டு வருடத்தில் ரூபாயில் போட்டுவைத்து, திரும்ப டாலராக்கியவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருப்பார், வட்டி வந்தும் அது ஈடாகியிருக்காது. அதே 2013இல் ரிசர்வ் வங்கி இந்த டெபாசிட்டுகளுக்குத் தனிச் சலுகை கொடுத்து டாலரைத் திரட்டியது. ஆனாலும் என் கருத்து வேறு. கடைசியில் ஊரிலேயே வீடு கட்டி, இங்கேயே செலவு செய்யப்போகிறவருக்கு டாலர் விலை எத்தனை ஏறினாலும் கவலை எதற்கு? அவருக்கு என்ஆர்இ போதும். பிள்ளைகளை அங்கேயே படிக்கவைக்க நினைப்பவர்தான் எஃப்சிஎன்ஆரைப் பார்க்க வேண்டும்.

இனி போய் இறங்கும் நாடு. அமீரகத்தில் 2009 முதல் சம்பளப் பாதுகாப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. முதலாளி சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது, பதிவான வழியில் செலுத்த வேண்டும். தொழிலாளி பலருக்குக் கிடைப்பது கணக்கு அல்ல, எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பணமாற்று நிறுவனம் தரும் சம்பள அட்டை. சம்பளம் விழும், ஏடிஎம்மில் எடுக்கலாம். காசோலையோ கடனோ எதிர்பார்க்க முடியாது. முதல் இரண்டு வருடம் அது போதும் என்பேன். கடன் சுலபமாகக் கிடைக்கிற கணக்கு வைத்திருந்து, வேலை போகும் நாளில் கிராஜுவிட்டிப் பணம் கடனுக்காக முடங்கிக் கிடக்க, ஊருக்கு வரவும் வழியில்லாமல் நிற்பவர்கள் உண்டு. கணக்கு திறப்பதானால் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். செயலியின் அழகை அப்புறம் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் நம் ஆட்களுக்குப் பழகிய பெயர் பிஓஎஸ்பி. 1877இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகத் தொடங்கி, 1998இல் டிபிஎஸ் வங்கியின் கைக்குப் போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் இந்தியன் வங்கிக்கும் அங்கே கிளைகள் உண்டு. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய ஐஓபி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. கடல் கடந்த தமிழரின் பணமே அதன் பிறப்புக்குக் காரணம் என்பதற்கு அந்த மூன்று ஊர்ப் பெயர்களே போதும்.

பணம் எப்படி வந்து சேர்கிறது என்பது பலருக்கும் புதிர். துபாய்த் தேராவில் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நீங்கள் கொடுக்கும் 2,000 திர்ஹம் அந்த ஊரைவிட்டு நகர்வதே இல்லை. அந்த எக்ஸ்சேஞ்ச் ஏற்கெனவே ஓர் இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். உங்கள் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் ஒரு தகவலாக அந்த வங்கிக்குப் போகும். அது எக்ஸ்சேஞ்சின் கணக்கில் ரூபாயைக் கழித்து, நெஃப்ட் வழியாகவோ ஐஎம்பிஎஸ் வழியாகவோ கம்பத்துக் கிளையில் இருக்கும் உங்கள் கணக்கில் ஏற்றும். குறைந்த ரூபாயை எக்ஸ்சேஞ்ச் பிறகு மொத்தமாக வாங்கி நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஸ்விஃப்ட் வழியாக வங்கிக்கு வங்கி அனுப்பினால் நடுவில் இன்னொரு வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதும் உண்டு.

"கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். லாபம் ரேட்டில் ஒளிந்திருக்கும். ஒருவர் 22.50 தருகிறார், இன்னொருவர் 22.30 என்றால், 2,000 திர்ஹத்துக்கு 400 ரூபாய் வித்தியாசம். அனுப்பும் கட்டணத்தோடு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் கடைசியாக வந்து சேரும் ரூபாய் எவ்வளவு என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐக்கும் அந்த நாட்டின் பேநவ் முறைக்கும் இணைப்பு வந்துவிட்டது, சிறு தொகைக்கு அது வசதி. ஹவாலாவில் ரேட் கொஞ்சம் கூடலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு எங்கிருந்து வந்தது என்ற காகிதம் ஒருநாளும் கிடைக்காது, சட்டத்துக்கும் அது விரோதம்.

கிளம்பும் முன்பே சில வேலைகளை முடித்துவிடலாம். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் இருந்தால் என்ஆர்இ திறக்கலாம். முகவரிச் சான்று கையில் இல்லாவிட்டால் அங்கே போனபின் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும், அது அலைச்சல். நாமினி பெயரை எழுதுங்கள். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் இன்னொருவருக்குப் போய்விடும், ஓடிபியும் அவருக்கே போகும். அமீரகம், சிங்கப்பூர், சவூதி, ஓமன், கத்தார் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023இல் வழி திறந்திருக்கிறது, உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கைச் செயலற்றதாக ஒதுக்கிவிடுவார்கள். டெபாசிட் காப்பீடு என்ஆர்இ, என்ஆர்ஓவுக்கும் உண்டு, ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான். அதற்கு மேல் சேர்த்தால் இரண்டாவது வங்கியில் பிரித்துப் போடுங்கள்.

வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்பினால் மறுபடி வங்கிக்குப் போங்கள். அன்றிலிருந்து நீங்கள் இங்கே வசிப்பவர். என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், என்ஆர்இ வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்தோடு முடிந்தது. கையில் டாலராகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்எஃப்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் திரும்பி வந்தது வங்கிக்குத் தானாகத் தெரியாது. போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.