உங்களுக்குத் தெரியுமா? குடுவையைத் தொடாத வேதியியல்

1998-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட இருவருமே வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். ஜான் போப்பிள் கணிதக்காரர். வால்டர் கோன் இயற்பியல்காரர். கோனின் கதை இன்னும் வேடிக்கை. ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த அவரைப் போர்க்காலக் கனடா 'எதிரி நாட்டவர்' கணக்கில் வைத்திருந்தது. டொரான்டோ பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தில் போர் ஆய்வு நடந்ததால், அங்கே படித்த அவரை உள்ளே விடவில்லை. அவர் கடைசியாக உட்கார்ந்த வேதியியல் வகுப்பு, 17 வயதில் பள்ளியில்தான்!

வேதியியலுக்குக் கணிதம் அந்நியமல்ல. ஐஐடி எம்.எஸ்சி. சேர்க்கைக்கான 'ஜாம்' தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்திலேயே அணிகள், அணிக்கோவைகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் உண்டு. 'கணக்குக்குப் பயந்துதான் கெமிஸ்ட்ரி எடுத்தேன்' என்பவர்கள் கவனிக்க.

கோட்பாட்டு வேதியியலில் ஆராய்ச்சி செய்ய ஆசையா? முதலில் நேரியல் இயற்கணிதம். பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் எரிக் ஹக்கல் காட்டிய வழியில், அதன் ஆறு பை எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள் ஒரு 6×6 அணியின் ஐகன் மதிப்புகளாகக் கிடைத்துவிடும். பென்சிலும் தாளும் போதும். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு ஐகன் மதிப்பு என்பது மனப்பாடச் சொல்லாக இருக்காது. அதே கணக்கை அப்புறம் பைத்தானில் எழுதிப் பாருங்கள். சில வரிகளில் முடிந்துவிடும்.

கணினி இருக்கிறதே, கணக்கு எதற்கு என்கிறீர்களா? இத்துறையில் 'தங்கத் தரம்' எனப்படும் கப்புள்டு கிளஸ்டர் முறையில் மூலக்கூறு இரண்டு மடங்கானால் வேலை 128 மடங்காகும். ஒரு நாளில் முடிந்தது நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கும். எந்த முறையை எங்கே பயன்படுத்தலாம் என்பதைக் கணினி சொல்லித் தராது.

சாபோ, ஆஸ்ட்லண்ட் எழுதிய 'மாடர்ன் குவாண்டம் கெமிஸ்ட்ரி' வந்தது 1982-ல். இன்றும் மாணவர்கள் அதைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். முதல் அத்தியாயமே கணிதம்! அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தாமதமாகிவிட்டதோ என்று கவலையா? எலக்ட்ரான் பரிமாற்றக் கோட்பாட்டுக்காக 1992-ல் நோபல் பெற்ற ருடால்ஃப் மார்க்கஸ், பரிசோதனை வேதியியலில்தான் முனைவரானார். கோட்பாட்டுப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகு. ஆனால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, வேதியியல் மாணவர்கள் வழக்கமாக எடுப்பதைவிடக் கூடுதலாகக் கணித வகுப்புகளை எடுத்து வைத்திருந்தார்.